இரண்டு அறைகள், ஒரே சீட்டு

புராஸ்டேட் தொல்லைக்கு அலோபதியும் சித்த மருத்துவமும் சேர்ந்து உதவ முடியுமா? பொன்னேரி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாகச் சென்னைக்கு ஓடும் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பொன்னேரியில் ஏறுகிறவர் சென்ட்ரலிலோ பீச்சிலோ இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இளைஞர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அறுபதைத் தாண்டிய ஆணுக்கோ அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்யோசனை தேவைப்படுகிறது. காலையில் காபி குடிக்கலாமா? ஸ்டேஷனுக்கு வருமுன் ஒருமுறை போய்விட்டு வந்தாலும் அத்திப்பட்டு வரை தாங்குமா? நடுவில் இறங்கிவிட்டால் அடுத்த வண்டி எப்போது? வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகிற பெரியவர்களில் சிலர், சிறுநீர்த் தொல்லைக்கு வைத்தியம் பார்க்கப் போகும் அந்த நாளிலேயே தொண்டை நனைய ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வீட்டில் யாராவது கேட்டால் வரும் பதில் ஊரெல்லாம் ஒன்றுதான்: "வயசானா அப்படித்தான்."

பாதி உண்மை அது. புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். நாற்பது வயதுக்குப் பிறகு அது மெல்ல வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைக் கடந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சியின் அடையாளம் திசுவில் தெரியும் என்பது பிரேதப் பரிசோதனைகளிலிருந்து கிடைத்த கணக்கு. இது புற்றுநோய் கிடையாது. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. வளர்ந்த எல்லோருக்கும் தொல்லை வருவதும் இல்லை. ஆனால் குழாயை நெருக்கத் தொடங்கிவிட்டால் சிறுநீரின் வேகம் குறைகிறது, முக்க வேண்டியிருக்கிறது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுகிறது, இரவில் மூன்று முறை நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது. இருட்டில் எழுந்து போகும் முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அந்தக் குடும்பத்துக்கு அதன் பிறகு வருவது வேறொரு வாழ்க்கை. ஆகவே "அப்படித்தான்" என்று விட்டுவிடுவது அந்த வாக்கியத்தின் தவறான பாதி.

இரண்டு வாசல்கள்

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லையோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறவருக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 2005-இல் தொடங்கிய பிறகு, தாலுகா மருத்துவமனைகளில் மட்டுமின்றி ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவு அலோபதியோடு ஒரே வளாகத்துக்குள் வந்துவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் ரயிலிலும் பேருந்திலும் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. 2012-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரும் அரசே கொடுத்துக் குடித்த மக்கள் நாம். ஊசி போட்டுக்கொண்டு வந்த கையோடு கஷாயம் குடிப்பதில் நமக்கு எந்த மன உறுத்தலும் இல்லை.

உறுத்தல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த அறையில் வாங்கியதை அந்த அறையில் சொல்வதில்லை. அலோபதி டாக்டரிடம் நாட்டு மருந்தைச் சொன்னால் திட்டுவார் என்று பயம். சித்த மருத்துவரிடம் மாத்திரையைச் சொன்னால் மனம் கோணுவார் என்று தயக்கம். பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டி வாங்கியதையோ இரண்டு இடத்திலும் சொல்வதில்லை. ஒரே உடம்புக்குள் மூன்று வைத்தியம் நடக்கிறது, மூன்றையும் அறிந்தவர் நோயாளி மட்டும்தான். அவருக்கோ எது எதோடு மோதும் என்று தெரியாது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டு வைத்தியத்தையும் சேர்ப்பது என்றால் இரண்டு கவுண்டர் மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது என்று பொருள் ஆகாது. முதலில் நோய் எது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். பிறகு எந்த வைத்தியம் எதற்கு என்று வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொடுத்ததெல்லாம் ஒரே சீட்டில் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத கலப்பு ஆபத்தானது, இருந்தால் நல்லது.

குடிநீர் கொடுப்பதற்கு முன்

சித்த மருத்துவத்துக்குச் சிறுநீர் என்பது கழித்துவிட்டு மறக்கிற பொருளாக இருந்ததில்லை. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் அதற்குத் தனி இடம் உண்டு. காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்த்து நோயைக் கணிக்கும் நெய்க்குறியும் இருக்கிறது. நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு என்று தொல்லைகளைப் பிரித்துப் பெயரிட்டு, நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை, மூக்கிரட்டை, மாவிலங்கப்பட்டை என்று மூலிகைகளைச் சொன்னது அந்த மரபு. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளையைத்தான் கல்லடைப்புக்கும் வேகவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். இதெல்லாம் பெருமைக்குரிய அறிவு.

ஆனால் இந்த மூலிகைகளில் பலவற்றின் முதல் குணம் நீரைப் பெருக்குவது. நீர் இறங்காத ஒருவருக்கு "நீர் நன்றாகப் பிரியும்" என்று நெருஞ்சில் குடிநீரைக் கொடுப்பது கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். அவருடைய தொல்லையோ நீர் உண்டாகாததால் வந்ததில்லை. உண்டான நீர் வெளியேற வழியில்லாததால் வந்தது. வெளியே போகும் குழாய் அடைத்திருக்கும்போது மோட்டாரை இன்னும் வேகமாக ஓடவிட்டால் தொட்டி என்ன ஆகுமோ அதுதான் சிறுநீர்ப்பைக்கும் ஆகும். நிரம்பி, விரிந்து, பின்னோக்கி அழுத்தி, இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைக்கும். பல மாதங்களாக மெதுவாக நடக்கும் அடைப்பில் வலிகூட இருக்காது. இரவில் படுக்கையில் தன்னையறியாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகும். அதைப் "பெரியவருக்குக் கட்டுப்பாடு போய்விட்டது" என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது நிரம்பி வழிவது. உடனே டியூப் போட்டு நீரை இறக்க வேண்டிய நிலை.

இன்னொன்றும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கினால் உடம்பு பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீர்ச்சுருக்குக்கு நாம் வாஞ்சையோடு வாங்கிக் கொடுக்கும் இளநீர் பொட்டாசியம் நிறைந்தது. சித்த மருத்துவத்தில் நீர் பெருக்கப் பயன்படும் வெடியுப்பு, வேதியியலில் பொட்டாசியம் நைட்ரேட். நல்ல சிறுநீரகத்துக்கு நன்மையாக இருக்கும் ஒன்று, அடைபட்ட சிறுநீரகத்துக்கு விஷமாகலாம். பாதரசம், பாஷாணம் சேர்ந்த பற்ப, செந்தூரங்களுக்கும் இதே எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகவே நெருஞ்சிலுக்கு முன் ஸ்கேன். வயிற்று அல்ட்ராசவுண்டில் சுரப்பி எவ்வளவு பெரியது, சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு மீதி நிற்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின், சர்க்கரை. சிறுநீரில் கிருமி, ரத்தம். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசனவாய்ச் சோதனை. அந்தக் கடைசிச் சோதனைக்குக் கூச்சப்பட்டே பல ஆண்கள் வருடக் கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம் அது. சுரப்பி மெத்தென்று இருக்கிறதா, கல்போல முடிச்சு விழுந்திருக்கிறதா என்று அந்த விரல் சொல்லிவிடும்.

சர்க்கரையைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரவில் பலமுறை எழுகிற எல்லோருக்கும் புராஸ்டேட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கட்டுப்படாத சர்க்கரை, மாலையில் விழுங்கும் பிபி நீர் மாத்திரை, பகலெல்லாம் நின்று வேலை செய்து காலில் தேங்கிய நீர் படுத்ததும் மேலேறுவது என்று பல காரணங்கள் இருக்கலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சாதாரணச் சளி மாத்திரை, திடீரென்று ஒரு சொட்டும் இறங்காத நிலைக்கு அவரைத் தள்ளிவிடக்கூடும். அதிலுள்ள ஃபெனைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் சிறுநீர்ப் பாதையை இறுக்குவதும் சிறுநீர்ப்பையைச் சோம்பலாக்குவதுமே காரணம்.

ஒரு கிராமத்திலிருந்து வந்த மாத்திரை

அலோபதி தரும் மருந்துகள் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை சுரப்பியையும் சிறுநீர்ப்பைக் கழுத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்துகின்றன. சில நாள்களிலேயே பலன் தெரியும், சுரப்பி சுருங்காது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், விந்து வெளிவராமல் போகலாம். இரண்டாவது வகையான ஃபினாஸ்டெரைடு சுரப்பியையே சுருக்குகிறது. பலன் தெரிய ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

ஃபினாஸ்டெரைடு பிறந்த கதையை நம் வாசகர்கள் அறிய வேண்டும். கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசில், பெண் குழந்தைகளாகக் கருதி வளர்க்கப்பட்ட சிலர் பருவ வயதில் ஆண்களாக மாறும் ஒரு கிராமம் இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பராட்டோ-மெக்கின்லி அவர்களைப் பற்றி 1974-இல் எழுதினார். ஆண் ஹார்மோனை அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் ஒரு நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுடைய புராஸ்டேட் வாழ்நாள் முழுக்கச் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டெரைடு உருவாகி, 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதர்களை உற்றுப் பார்த்து அறிவது சித்தர்களுக்கு மட்டுமே சொந்தமானதாக இருக்கவில்லை.

இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 3,047 ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. தசையைத் தளர்த்தும் டாக்ஸசோசினும் ஃபினாஸ்டெரைடும் சேர்ந்து, நோய் முற்றும் அபாயத்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிடுகையில் 66 சதவீதம் குறைத்தன. திடீர் அடைப்பையும் அறுவை சிகிச்சைத் தேவையையும் நீண்ட காலத்துக்குக் குறைத்தது சுரப்பியைச் சுருக்கும் மருந்து இருந்த பிரிவுகளில்தான். இப்படி அளந்து காட்டப்பட்ட பலன் வேறு எந்த வைத்தியத்துக்கும் இந்த நோயில் இதுவரை இல்லை. மருந்துக்கு அடங்காதவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி செலுத்தி, தழும்பில்லாமல் சதையைச் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு வழி உண்டு.

மறைப்பதால் வரும் கேடு இந்த வைத்தியத்திலும் உண்டு. ஃபினாஸ்டெரைடு சாப்பிடுகிறவருக்கு, புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மாத்திரை விஷயம் தெரியாத மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்து "நார்மல்" என்று சொல்லிவிடுவார்; உண்மையில் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். டாம்சுலோசின் சாப்பிடுகிறவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சையின்போது கருவிழிப்படலம் தொய்ந்து மடங்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்கேற்பத் தயாராகிவிடுவார். இலவசக் கண் முகாமில் பெயர் கொடுக்கும் பெரியவரிடம் "சிறுநீருக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டாலும் அவரே சொல்ல வேண்டும்.

மூலிகைக்கு என்ன சாட்சி

உலகம் முழுவதும் புராஸ்டேட்டுக்கு அதிகம் விற்கும் மூலிகைகளில் ஒன்று, அமெரிக்கக் குள்ளப் பனை வகையான சா பால்மெட்டோ. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கேப்சூலாகக் கிடைக்கிறது. 225 ஆண்களிடம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இலும், 369 ஆண்களிடம் வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இலும் வெளியாகின. இரண்டிலும் வெற்று மாத்திரையைவிட அது எந்த மேலான பலனையும் தரவில்லை. இரண்டாவது ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே, 35-க்குக் கணக்கிடும் தொல்லை மதிப்பெண் ஏறக்குறைய மூன்று புள்ளி குறைந்தது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "எனக்கு அந்த மருந்தில் குணமாயிற்று" என்று ஒருவர் மனதாரச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குணப்படுத்தியது மருந்தா, கவனிப்பா, நம்பிக்கையா என்று அவர் வாக்குமூலத்திலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

நம் மூலிகைகளுக்கு? கல்கத்தாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2011-இல் வெளியானது. கறிவேப்பிலையும் நெருஞ்சிலும் சேர்ந்த மாத்திரையை டாம்சுலோசினோடு மோதவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரத்தில் இரண்டு பிரிவிலும் தொல்லை மதிப்பெண் ஒத்த அளவில் குறைந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் பங்கேற்றவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. வெற்று மாத்திரைப் பிரிவு அதில் இல்லை. இதை ஆரம்பமாக வைத்துப் பெரிய ஆய்வு நடத்தத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் சிறுநீரியல் துறைகள் இருக்கின்றன, நோயாளிகள் ஏற்கெனவே இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதைச் செய்யாமல் சித்த மருத்துவத்தின் பெருமையை மேடையில் மட்டும் பேசுவது அந்த மருத்துவத்துக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம்.

எச்சரிக்கைக்கு ஒரு கதை. 1990-களில் அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்ற மூலிகைக் கலவை புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடையே பரவியது. எட்டு மூலிகைகள் என்று சீசாவில் அச்சிட்டிருந்தது. உண்மையிலேயே பலரின் பி.எஸ்.ஏ. இறங்கியது, மருத்துவர்களே வியந்தார்கள். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது அதில் வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும், செயற்கை ஈஸ்ட்ரஜன் ஹார்மோனும், ஒரு வலி நிவாரணியும் கலந்திருந்தன. 2002-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. புற்றுநோயை அடக்கியதில் மூலிகைக்கு எவ்வளவு பங்கு, ஹார்மோனுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாதபடி எல்லா ஆய்வும் பாழாயிற்று.

லேபிள் இல்லாத லேகியத்தையும், சுவரொட்டியிலும் இரவு நேரத் தொலைக்காட்சியிலும் "ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு" என்று வரும் விளம்பரத்தையும் நம்பும் முன் இந்தக் கதையை நினைக்க வேண்டும். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர வைத்திய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் புராஸ்டேட் கோளாறுகள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அதைக் குணப்படுத்துவதாக எந்த முறை மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது.  இந்த விளம்பரங்களால் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களின் பெயர்தான் கெடுகிறது.

பத்தமடையிலிருந்து அமெரிக்காவுக்கு

சித்த மருத்துவத்தின் பலம் பொட்டலத்துக்குள் மட்டும் இருப்பதாக நினைப்பது அதைச் சுருக்குவது. சித்த மருத்துவர் மலம் எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, என்ன சாப்பிடுகிறாய், என்ன வேலை என்று கேட்கிறார். புராஸ்டேட் தொல்லையில் இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் நேரடி அர்த்தம் இருக்கிறது. மலச்சிக்கல் சிறுநீர்ப் பாதையை அழுத்தும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீரைக் குறைத்து, பகலில் தாராளமாகக் குடித்தால் இரவு எழுவது குறையும். மாலை டீயையும் மதுவையும் விட்டால் இன்னும் குறையும். ஒருமுறை கழித்துவிட்டுச் சற்று நின்று மறுபடி முயன்றால் மீதி குறையும். டாம்சுலோசின் எழுதுவதற்கு முன்பே சிறுநீரியல் மருத்துவர்களும் சொல்ல வேண்டியவை இவைதான். நீண்ட வரிசையில் சொல்ல அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. பக்கத்து அறைக்கு அந்த வேலையைக் கொடுக்கலாமே.

யோகமும் உணவும் புற்றுநோயில் என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு தமிழ்த் தொடர்ச்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, ரிஷிகேசத்தில் துறவியானவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர், கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1960-களில் அமெரிக்கா சென்றார். அவரிடம் யோகம் கற்ற மாணவர்களில் ஒருவர் மருத்துவர் டீன் ஆர்னிஷ். வீரியம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோயோடு, உடனடிச் சிகிச்சை வேண்டாம் என்று காத்திருக்கத் தீர்மானித்த 93 ஆண்களிடம் ஆர்னிஷ் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தாவர உணவு, நடை, யோகம், தியானம், கூடிப் பேசுதல். ஒரு வருடத்தில் அவர்களின் பி.எஸ்.ஏ. சராசரி 4 சதவீதம் இறங்கியது. மற்றவர்களுக்கு 6 சதவீதம் ஏறியது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். காய்கறியை மட்டும் அதிகப்படுத்திப் பார்த்த, 478 ஆண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2020-இல் வெளியானபோது, இரண்டு வருடத்தில் நோய் முற்றும் வேகத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. வைட்டமின் ஈ மாத்திரை காக்குமா என்று 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற ஆய்வில் பார்த்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரிந்தது. இயற்கையானது என்பதாலேயே எதுவும் காப்பாற்றிவிடாது. இன்னொரு பக்கம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 50 பேரில், வாரம் இருமுறை யோகம் செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் கசிவதற்கு மருத்துவர்கள் கற்றுக்கொடுக்கும் இடுப்புத் தசைப் பயிற்சியும் யோகத்தின் மூலபந்தமும் ஏறக்குறைய ஒரே தசையைத்தான் வலுப்படுத்துகின்றன. ஒன்றிணைந்த மருத்துவத்துக்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கட்டியைக் கதிரும் கத்தியும் பார்த்துக்கொள்கின்றன. மனிதரை யோகம் பார்த்துக்கொள்கிறது.

சிப்காட் வாசலில்

சித்த நூல்கள் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்கின்றன. அவற்றில் சிறுநீரும் ஒன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்கு ஆலைகளில் உலை முன் நிற்பவர்களும், காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் லாரியோடு மணிக்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநர்களும் வேலை முடியும் வரை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடக்காமல் இருக்க ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இது நேரடியாகப் புராஸ்டேட்டை வளர்க்காது. ஆனால் கல்லும் கிருமித் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. ஏற்கெனவே சுரப்பி வளர்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் அவதி இரட்டிப்பு. வெப்பத்தில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் படும் பாட்டைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் உருக்காலைகளிலும் உப்பளங்களிலும் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். 2024-இல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வேலை நேரம் முழுவதும் தொழிலாளர் எளிதில் போய்வரக்கூடிய கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளியும் லாரி ஓட்டுநரும் அந்த வாக்கியத்துக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. முழு மனிதரைப் பார்க்கும் மருத்துவம் என்று பேசுகிறவர்கள் கழிப்பறைச் சாவி யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புராஸ்டேட் தொல்லை முற்றுவது பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகுதான். குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் மனைவியும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். கம்பெனியிலிருந்து விடைபெறும் நாளில் இதைச் சொல்லிக் கொடுப்பது தொழிற்சங்கங்களின் கடமை.

காத்திருத்தலும் ஒரு வைத்தியம்

உலகில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 2020-இல் வருடத்துக்கு 14 லட்சமாக இருந்ததிலிருந்து 2040-இல் 29 லட்சமாக உயர்வார்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் கணித்தது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கும் சென்னைப் பதிவேட்டிலும் இந்த நோய் கூடி வருவது தெரிகிறது. நம்மிடம் உள்ள பெரிய குறை தாமதம். முதுகெலும்பில் வலி வந்து, எலும்பு மருத்துவரிடம் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நோய் தெரியவருகிறவர்கள் இங்கே ஏராளம்.

அதற்காக எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ. எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்ல முடியாது. கிருமித் தொற்றிலும், டியூப் போட்ட பிறகும், வெறும் வீக்கத்திலும் அது ஏறும். தேவையில்லாத சதைப் பரிசோதனைக்கும் பயத்துக்கும் இட்டுச் செல்லும். ஐம்பதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் இன்னும் முன்பே, மருத்துவரிடம் பேசி முடிவெடுப்பது நல்லது. கண்டுபிடித்தாலும் எல்லாவற்றையும் உடனே வெட்ட வேண்டியதில்லை. பிரிட்டனில் 1,643 ஆண்களை 15 வருடம் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று சதவீத அளவுதான். ஆரம்ப நிலையில் வரையறுத்த கண்காணிப்பும் சிகிச்சையே என்று அது நிரூபித்தது. உணவு, நடை, யோகம், தூக்கம் என்று சித்த மருத்துவர் முழு அதிகாரத்தோடு நுழையக்கூடிய இடம் இந்தக் காத்திருப்புக் காலம். பரவிய புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சூரணத்துக்கு மாறுவது அதற்கு நேர்மாறான காரியம். அப்படிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

மருத்துவத் துறைக்கு ஒரு கோரிக்கை. புராஸ்டேட் தொல்லையை அளக்க ஏழு கேள்விகளும் 35 மதிப்பெண்ணும் கொண்ட ஒரு தாள் 1992 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஏழுக்குள் இருந்தால் லேசான தொல்லை, இருபதைத் தொட்டால் கடுமை. அதைத் தமிழில் அச்சிட்டுப் பொன்னேரி போன்ற ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இரண்டு அறைக்கும் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பெண்ணையும் ஸ்கேனில் தெரியும் மீதி நீரையும் ஒரே சீட்டில் இரண்டு மருத்துவர்களும் எழுதட்டும். எது வேலை செய்கிறது என்று சண்டை போடாமலே தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அறுபதைக் கடந்த அப்பாவோ மாமனாரோ தாத்தாவோ இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லாவற்றையும், மாத்திரை, சூரணம், பொட்டலம், கஷாயப் பொடி, சளி மாத்திரை வரை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு அறையிலும் அந்தப் பையைத் திறந்து காட்டுங்கள். சிறுநீரில் ரத்தம், குளிர் ஜுரம், ஒரு சொட்டும் இறங்காத நிலை, இரவில் தானாக ஒழுகுதல், காரணமில்லாத முதுகெலும்பு வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தக் குடிநீருக்கும் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.